ஒத்திகைக்கு நடுவே ஒரு வாடை

குடியிருப்பின் பாதுகாப்புக் குழுவுக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவள், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் கையில் தன் உயிரை ஒப்படைத்துவிட்டு நிதானமாகப் பேசிப் பழகியவள். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரும் அவளும் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் அவள் வீட்டில் ஒரு பொருளும் நிம்மதியாக இருக்கவில்லை. அலமாரிகளைச் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கினாள். புகை அலாரத்தை வாராவாரம் அலறவிட்டுச் சோதித்தாள். அவள் கணவன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தான்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மணி அடித்ததும் எல்லோரும் படி வழியாக இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் கூட வேண்டும். அடிபட்டவனாக நடிக்க அவளுடைய கொழுந்தன் வந்திருந்தான். கூரியர் கம்பெனியில் வேலை, நடிப்பில் ஆசை. கேட்காமலேயே நெற்றியில் தக்காளி சாஸைப் பூசிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்து முனகினான்.

மணி அடித்தது. பல் தேய்த்தவர்களும் தேய்க்காதவர்களுமாக ஜனங்கள் ஆடி அசைந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் காபியோடு லிஃப்டுக்குக் காத்து நின்றார். "தீப்பிடிச்சா லிஃப்ட் வராதுங்க" என்று சொல்லி அவரைப் படிப்பக்கம் திருப்பிவிடுவதற்குள் அவளுக்குப் பாதித் தொண்டை போயிற்று.

மூன்றாம் மாடி பாட்டு டீச்சர் மட்டும், ஜலதோஷம், வர முடியாது என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தாள்.

நான்காம் மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்கியது. முன்னால் மருந்துக்கடைக்காரர், பின்னால் வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்ட கணவன். அவள் வழிகாட்டிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் மாடியைத் தாண்டும்போதே மூக்கில் என்னவோ உறுத்தியது. இரண்டு படி இறங்கியதும் நின்றுவிட்டாள். கேஸ் வாடை.

"தத்ரூபமா இருக்கே அண்ணி, இதையும் ஏற்பாடு பண்ணீங்களா?" என்றான் கொழுந்தன், படுத்தபடியே.

"இல்ல. இது நிஜம்."

அந்த ஒரு வார்த்தையில் படிக்கட்டே மாறிப்போனது. என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றன்பின் ஒன்றாக அவள் மண்டைக்குள் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்கிவைத்துவிட்டுக் கீழே ஓடும்படி கணவனிடம் சொன்னாள். வெளியே போய்த்தான் தீயணைப்புக்குப் போன் போட வேண்டும், ஒருத்தரையும் மேலே விடக்கூடாது. இன்னும் இறங்காதவர்களை வெளியேற்றுவது மருந்துக்கடைக்காரர் வேலை. யாரும் காலிங் பெல்லை அழுத்தக்கூடாது, கதவைத் தட்டத்தான் வேண்டும். ஒரு பொறி பறந்தாலும் போதும்.

"என்னை அவுத்துவிட்டுட்டுப் போங்கப்பா" என்று கொழுந்தன் கத்தினான். பெல்ட்டை அவிழ்த்ததும் துள்ளி எழுந்து அவனும் கதவுகளைத் தட்டினான். நெற்றியெல்லாம் சிவப்பாக வழிய ஒருவன் வந்து நின்று "வெளிய வாங்க" என்றால் யார்தான் காரணம் கேட்பார்கள்? ஒத்திகைக்கு அசையாதவர்கள்கூட செருப்பைத் தேடாமல் ஓடினார்கள்.

அவள் மேலே ஏறினாள். வாடை பாட்டு டீச்சர் வீட்டுக் கதவடியிலிருந்து வந்தது. தட்டினாள், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு கற்கப் பிள்ளைகள் வருவார்கள் என்று கதவை டீச்சர் பூட்டுவதில்லை. தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே மூச்சை அடைத்தது.

சமையலறையில் பாட்டு டீச்சர் முதுகைக் காட்டி நின்றாள். தோளில் துண்டு, அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம், கையில் லைட்டர். ஆவி பிடிக்கத் தண்ணீர் சுடவைக்கப் போகிறாள். லைட்டர் அடுப்பை நெருங்கிவிட்டது.

ஓடிப்போய்ப் பிடிக்க நேரமில்லை. அவள் வாயிலிருந்து வந்தது, தினமும் நூறு தடவை வருகிற சொல்தான்.

"பிரேக்!"

பாட்டு டீச்சர் போன வருஷம் இவளிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்கு அவள் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. கை அந்தரத்தில் நின்றது.

"லைட்டர இப்படிக் குடுங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. வெளிய நடங்க, டீச்சர்."

டீச்சர் ஒன்றும் புரியாமல் நடந்தாள். பக்கத்து பர்னரில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. நெருப்பு அணைந்தும் திருகு திறந்தே கிடந்தது. அவள் அதை மூடினாள், ரெகுலேட்டரையும் மூடினாள், ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு டீச்சருக்குப் பின்னாலேயே படியிறங்கினாள்.

கீழே வந்ததும் விஷயத்தைக் கேட்டு டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மூக்கு அடைச்சுக் கிடக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. வீரர்கள் கருவியோடு ஏறி ஒவ்வொரு மாடியாகச் சோதித்து, இனி பயமில்லை என்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் அந்த மாடியே இருந்திருக்காது என்று அவர்களின் அதிகாரி அவளிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்குக் கால் வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்திலிருந்த ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டாள். நடுக்கத்தோடு சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை. கணவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். நீட்டிய அவசரத்தில் பாதித் தண்ணீர் அவள் சட்டையில்.

"நீ உள்ள போனது தெரிஞ்சதும் எனக்கு உசுரே இல்ல" என்றான். பாட்டிலை மூடிக்கொண்டே, "அடுத்த பயிற்சிக்கு என் பேரையும் குடுத்துடு" என்றான்.

வீட்டுக்குப் போகலாம் என்று தீயணைப்பு வீரர்கள் சொன்ன பிறகும் யாரும் கலையவில்லை. ஆளுக்கொரு விதமாக நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனின் கதையில் அவனே கதவை உடைத்திருந்தான். மருந்துக்கடைக்காரர் மனைவி பாட்டு டீச்சரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் ஆவி பிடிக்க உட்கார வைத்தாள். காலையில் காபியோடு லிஃப்டுக்குக் காத்து நின்றவர், ஸ்கூட்டரில் சாய்ந்திருந்தவளிடம் மெதுவாக வந்தார்.

"எங்க வீட்டு கேஸ் டியூப் எந்தக் காலத்ததுன்னே தெரியலம்மா. வந்து பாக்கறீங்களா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் இன்னொருத்தி தன் வீட்டுக்கும் என்றாள். அப்புறம் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். காலையில் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிட்ட அதே ஜனங்கள்.

கணவன் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றான். அவள் காதில் அது விழவே இல்லை. கால் நடுக்கம் நிற்பதற்குள்ளாகவே படிகளில் ஏறத் தொடங்கியிருந்தாள், பின்னால் பாதிக் குடியிருப்போடு.