ஒராஸ்குவிடம் சேரலாமா?

ஸ்மரந்தா ருமேனியாவின் க்ளூஜ் நகரில் இருந்த எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வந்தது மார்ச் மாதம். சுச்சாவா ஊர்க்காரி, பொறியியல் முதுகலையில் முதலிடம். முனைவர் பட்டத்துக்கு அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று எங்கள் பேராசிரியர் ஒராஸ்குவிடம். மற்றது திமிஷ்வாராவில், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பேராசிரியையிடம். பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

உலைகளையும், உலோகத் துண்டுகளை இழுத்து முறிக்கும் இயந்திரங்களையும் ஒராஸ்குவே சுற்றிக் காட்டினார். பிறகு அவளைச் சாப்பிட அழைத்துப்போகும்படி என்னிடம் சொன்னார். உலை வேலைக்கு ஒரு புது ஆள் வந்துவிட்டால் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவதாக அவர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு அது ஆறாவது வருடம்.

கேண்டீனில் அவள் சூப்பைத் தொடவில்லை. ஒராஸ்குவின் பழைய மாணவர்கள் இருவருக்கு எழுதிக் கேட்டாளாம். பதிலே வரவில்லையாம்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. இவர்கிட்ட சேரலாமா?"

என்னோடு சேர்ந்த மூவரில் இருவர் பட்டம் வாங்காமலே போனார்கள். அதில் ஒருவன் கண்டறிந்தது ஒராஸ்குவின் மருமகன் பெயரில் வெளியானது. எல்லாம் எனக்குத் தெரியும்.

"நல்லா வேலை வாங்குவாரு. ஆனா கைவிட மாட்டாரு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். அக்டோபரில் வந்து சேர்ந்தாள். ஜனவரியில் எனக்குக் கையெழுத்துக் கிடைத்தது. சிபியு நகரில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வருடம் கழித்து, ஆய்வக உதவியாளர் ஒருவர் போனில் சொன்னார். ஸ்மரந்தா இரண்டு வருடம் அளந்து சேர்த்ததெல்லாம் வேறொருவர் பெயரில் கட்டுரையாக வந்துவிட்டது, தட்டிக்கேட்டவளுக்கு உதவித்தொகை நின்றது, ஊருக்கே திரும்பிவிட்டாள். அவள் வேண்டாமென்று விட்ட திமிஷ்வாரா இடத்தில் சேர்ந்தவர் பட்டம் வாங்கிவிட்டதையும் நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சுச்சாவாவுக்குப் போனேன். அவள் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"முதல் மாசமே தெரிஞ்சுபோச்சுக்கா. உலை வேலை மொத்தமும் என் தலையில விழுந்தப்பவே."

"என்னை மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா பஸ் ஏறிடுவீங்க. எனக்கு அப்படிச் சொல்ல வரலை."

எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டுமென்று கேட்டாள். நான் விலகி வழிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வெளியே மழை. அந்தக் கடை வாசலில் ஒதுங்கி நிற்க மனம் வராமல் நனைந்துகொண்டே நடந்தேன்.