மோந்து பார்க்கிறவர்

காய்ச்சலில் என் கணவருக்கு மோப்பம் போனபோது சொந்தபந்தமெல்லாம் துக்கம் விசாரித்தது. நான் மட்டும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வாசனை சோப்பைக் கை நிறைய நுரைத்து உடம்பெல்லாம் தேய்த்தேன். யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

அவர் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவர். நீள மேஜையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்திலிருக்கும் வாளியில் துப்புவார். துப்புவதற்குச் சம்பளம். மூக்கு கெட்டுவிடக் கூடாதென்று வீட்டில் பூண்டு கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, மண்டை பிளந்தாலும் தைலம் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனுஷன் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். நான் போட்ட காப்பியை உறிஞ்சிப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்புவார். "பால் நேத்தையது." பக்கத்தில் போய்ப் படுத்தால் மூக்கு ஒரு பக்கமாகச் சுருங்கும்.

"குளிச்சியா?"

"குளிச்சேங்க."

"இன்னொரு தடவை குளி."

கல்யாணமான புதிதில் அழுதேன். பிறகு அழுகையை விட்டுவிட்டுக் குளித்தேன். விரல் நுனி சுருங்கி வெளுக்கிற வரைக்கும் குளித்தேன். யாராவது கிட்டே வந்தால் நானே ஒரு அடி பின்னால் போகிற அளவுக்கு என் உடம்பின் மேல் எனக்கே அருவருப்பு வந்துவிட்டது. அதற்காக அவரை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

மூக்கு போனதும் கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, மோப்பம் திரும்பினால் சொல்லுங்கள், நாற்காலி உங்களுக்குத்தான் என்று அனுப்பி வைத்தது. மோந்து பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? கடைசியில் ஓட்டல்களின் கொழுப்புத் தொட்டி அள்ளுகிற வேலைதான் கிடைத்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு போகும் எண்ணெயும் கொழுப்பும் பின்பக்கம் ஒரு குழியில் தேங்கிக் கட்டிதட்டிக் கிடக்கும். மூடியைத் திறந்தால் செத்த எலியும் அழுகிய முட்டையும் ஒன்றாக வந்து மூஞ்சியில் அறையும். சேர்ந்த ஆளெல்லாம் ஒரே வாரத்தில் ஓடிப்போகிற வேலை. இவர் மட்டும் பூங்காவில் நிற்கிறவர் மாதிரி நின்று அள்ளுவாராம்.

"அண்ணி, வாழ்க்கை நம்மள வேற பாதையில திருப்பி விட்டா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்," என்று என் நாத்தனார் போனில் சொன்னாள். சொல்வதற்கென்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறாள்? அந்தச் சட்டையை ஒரு நாள் துவைத்துப் பார்த்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லட்டும்.

குளித்தாலும் அந்த நாற்றம் போகாது. தலையணையில் இருக்கும், நகக்கண்ணில் இருக்கும், அவர் விடுகிற மூச்சில்கூட இருக்கும். எனக்குக் குடலைப் புரட்டும். ஆனாலும் சொல்கிறேன், அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் நான் நிம்மதியாக இருந்தேன். ஆசை தீரப் பூண்டு வதக்கினேன். வியர்த்த உடம்போடு சோபாவில் சாய்ந்தேன். அவரும் என் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கிருந்த பயமெல்லாம் ஒன்றுதான். சிலருக்கு மோப்பம் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வந்தால் அந்த மூஞ்சியும் கூடவே வந்துவிடும்.

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு ஓட்டலின் பின்சந்துக்குப் போனேன். குழியின் மூடி திறந்திருந்தது. இவர் ஒரு வாளி அள்ளினார், வாளியை வைத்துவிட்டுச் சுவரோரம் ஓடினார், குனிந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய் அடுத்த வாளியை அள்ளினார். மூக்குக்குக் கீழே தைலம் அப்பியிருந்தது.

"என்னண்ணே இது?" என்று கூட வேலை செய்கிறவரைக் கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்மா. மோப்பம் திரும்பிடுச்சில்ல? ஏன், வீட்ல சொல்லலியா?"

டப்பாவை அந்த ஆள் கையிலேயே திணித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் உடம்பு கூசியது. கொஞ்ச நாளாக என்றால், முந்தாநாள் நான் குளிக்காமல் படுத்ததும் தெரியும், அடிப்பிடித்த பாலும் தெரியும். எல்லாவற்றையும் மோந்துகொண்டு கல்லுளிமங்கன் மாதிரி படுத்திருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பூண்டை வாரிக் குப்பையில் போட்டேன். ஜன்னல்களைத் திறந்தேன். குளித்தேன். துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போய்க் குளித்தேன். வாளித் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தபோது சீ என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும், கேட்க ஆளே இல்லாத வீட்டில், நான் போய்க் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "கம்பெனிக்கு எப்பப் போறீங்க?"

மறைக்கப் பார்க்கவில்லை. "போகல," என்றார்.

"ஏன்? நாற்காலி காத்துக்கிட்டு இருக்குல்ல?"

"மோப்பம் வந்த அன்னிக்கு உன்கிட்ட சொல்லத்தான் ஓடி வந்தேன். கதவைத் திறந்தா ஒரே பூண்டு நெடி. குமட்டிக்கிட்டு வந்துச்சு. கத்தலாம்னு வாயத் திறந்தேன்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நீ அடுப்புகிட்ட நின்னு பாடிக்கிட்டு இருந்த. உனக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது."

நான் பாடினேன் என்பது எனக்கே தெரியாது.

"சொன்னா நிறுத்திடுவ. கம்பெனிக்குப் போனா நான் பழைய ஆளா ஆயிடுவேன். இந்த வேலைய விட்டாலும் ஏன்னு கேப்ப. அதான் அப்படியே இருந்துட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அதுக்காக தினம் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுப்பீங்களா? நீங்க துப்பவும் வேண்டாம், அள்ளவும் வேண்டாம். வேற வேலை பாருங்க. மொதல்ல போய்க் குளிங்க, நாறுது."

சட்டைப் பொத்தானில் இருந்த அவர் கை நின்றது. "எப்பலேருந்து?"

"நீங்க அள்ளப் போன மொத நாள்லேருந்து."

"மூஞ்சியக்கூடச் சுளிச்சதில்லையே நீ?"

"சுளிச்சா எதிர்ல இருக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க," என்றேன்.

அவர் கழற்றாத சட்டையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.