கடிக்கக் கூடாத கத்திரி விதை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. பேரம் பேசி வாங்கினேன். விற்றவள் டோரீன். பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவள். கேட்ட விலை ஒன்றுதான்.

"கடைசியில அந்த விதை முளைக்கணும். இல்லன்னா கதையைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"நிஜத்துல முளைச்சுதா?"

"அதைச் சேத்து விக்கல."

கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன் நான். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. "எழுதும்போது பாத்துக்கலாம்" என்றேன்.

2

முதல் வரி: '1997 ஜூலை. தூறல் விழும் காலையில், கனவுகளைச் சுமந்தபடி டோரீன்...'

[அடித்துவிட்டேன். அவள் சுமந்தது டிபன் டப்பா. அதில் ஈரப் பஞ்சின் மேல் மூன்று செயற்கை விதைகள்.]

கத்திரி இலைத் துணுக்கைக் குடுவையில் வளர்த்தால் அதில் கரு உண்டாகும். அதைக் கடற்பாசிக் கூழில் தோய்த்து, கால்சியம் உப்புக் கரைசலில் சொட்டவிட்டால் மணியாக உறையும். அதுதான் செயற்கை விதை. குடுவைக்குள் சமர்த்தாக முளைக்கும். வெளி மண்ணில் பூஞ்சை தின்றுவிடும். டோரீனின் ஐந்து வருட உழைப்பில் மிஞ்சியவை இந்த மூன்று. மாதக் கடைசிக்குள் ஒரு விதை வியாபாரியின் மண்ணில் ஒன்றாவது முளைக்காவிட்டால், அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு அவள் ஆய்வறையில் ரோஜா வளர்க்கப்போவதாக மேலாளர் சீனிவாசராகவன் சொல்லியிருந்தார்.

3

பக்கத்து ஊர் அத்திபெலே. சந்தானத்தின் விதைக் கடை. (இவரை நல்லவராக எழுதுவதா, கெட்டவராகவா என்று இரண்டு நாள் யோசித்து, வியாபாரியாகவே விட்டுவிட்டேன்.)

"என்னாம்மா, ஜவ்வரிசியா?"

"கத்திரி விதை சார். இலையிலேர்ந்து எடுத்தது."

"பூக்கல, காய்க்கல, விதை மட்டும் வந்துடுச்சா? நல்லா இருக்கும்மா நியாயம்!"

பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார்.*

"ஐயோ சார்!"

"வழவழன்னுது" என்று துப்பிவிட்டு, இரண்டாவதை விரலால் நசுக்கி நிறம் பார்த்தார். மூன்றாவதை டோரீன் உள்ளங்கையால் மூடினாள்.

"இதையும் கடிச்சீங்கன்னா, என் வேலையைக் கடிக்கிறீங்க சார்."

சந்தானம் வாயைத் துடைத்துக்கொண்டார். காலிப் பால்பவுடர் டப்பாவில் மண் நிரப்பி, அவள் கையாலேயே ஊன்றச் சொன்னார். டப்பாவின் மேல் தமிழிலும் கன்னடத்திலும் 'தொடாதே' என்று எழுதினார்.

* வியாபாரிகளின் பழக்கம். 'டக்'கென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்த விதை. எங்கள் அப்பா உளுந்தைக்கூட அப்படித்தான் வாங்குவார்.

4

முடிவு அ: முளைக்கிறது, ரோஜா தோற்கிறது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: பூஞ்சை. (நம்பலாம். ஆனால் கதை கைவிட்டுப் போய்விடும்.)

டோரீனுக்கு போன் போட்டேன்.

"பாதி முளைச்சா போதுமா?"

"பாதி முளைக்கிற விதை எந்தக் கடையில இருக்கு?"

"சரி, மண்ணுல ஒரு விரிசல்?"



"விரிசல் சரி. ஆனா எறும்பு போட்ட விரிசல்னு எழுதக் கூடாது."

5

மாதக் கடைசி நாள். வாசலில் சீனிவாசராகவனின் ஜீப். டப்பாவில், மண்ணின் நடுவே மயிரிழை விரிசல். எறும்பு... இல்லை, எழுதமாட்டேன். சந்தானம் வாடிக்கையாளர்களை ஒதுக்கிவிட்டு, இதை வாசிக்கிற உங்களுக்கு இடம் விடுகிறார். டோரீன் டப்பாவைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

குனிந்து பாருங்கள். பார்த்ததை அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

பல்லை மட்டும் காட்டாதீர்கள்.