ஏரிக்கு அடியில் சின்ன மேசை

எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வடிந்துபோன ஏரி ரோகன்டால் சிற்றூருக்குத் திரும்பி வந்தது, ஆளிவிதை விலை இறங்கிய அதே வாரத்தில்தான். பனியூழியில் வடக்கு நோக்கி ஓடிய ஆறுகளைப் பெரும் பனிப்பாளம் மறித்துக் கிடந்ததால் தேங்கிய ஏரி அது. மனிடோபாச் சமவெளி முழுவதும் அதன் தரையே என்பதை ஊரார் அறிவர். பால் கறந்துவிட்டு வெளியே வந்தவர்கள், வடக்கு அடிவானில் வெண்சுவர் ஒன்று நிற்பதையும், தானியக் களஞ்சியத்தின் உச்சிக்கும் வெகு மேலே நீர்ப்பரப்பு அலைவதையும், பனிக்கட்டிகள் தம் நிழலை வயல்களின்மீது இழுத்துக்கொண்டு மிதப்பதையும் கண்டனர். மூச்சு விடுவதில் இடரில்லை. கொடியில் கிடந்த துணி நனையவில்லை, காயவுமில்லை. மென்று துப்பிய சூரியகாந்தி விதைத் தோல்கள் மட்டும் கீழே விழாமல் மேலேறிப் போயின.

இதில் பெரிதும் சிக்கிக்கொண்டது யுஸ்டினாவின் திருமணம். அவள் தந்தை கொர்னேலியுஸ் உன்ராவ், தலையில் நீரூற்றி ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் மூப்பர். அவள் விரும்பிய ஜெர்ஹார்ட் வீப், ஆற்றில் முழுவதுமாக மூழ்கி எழும் சபையைச் சேர்ந்தவன். மூழ்காதவளை மணந்தால் அவன் சபை அவனை நீக்கும்; இரண்டாம் முறை ஞானஸ்நானம் பெற்றால் அவள் சபை அவளை விலக்கும். விலக்கப்பட்டவர் சொந்த வீட்டிலும் தனியே சின்ன மேசையில்தான் உண்ண வேண்டும். காத்திருந்தே இருவருக்கும் முப்பது வயது கடந்துவிட்டது.

"மாமா, உங்க பொண்ணு முங்கிட்டா! மேல பாருங்க, எம்மாந் தண்ணி!" என்று ஓடிவந்தான் ஜெர்ஹார்ட்.

"என் பசுமாடுந்தான் முங்கியிருக்கு. அதையும் உங்க சபையில சேத்துக்குவியா?" என்றார் மூப்பர்.

இரு சபைகளும் கூடிப் பேசின. முழுக்குச் சபையார் முதலில் மகிழ்ந்தனர். பிறகு தொட்டில் குழந்தைகளும் மூழ்கியிருப்பது நினைவுக்கு வர, அந்த மகிழ்ச்சி வடிந்தது. அறியாக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது என்றதற்காகவே இரு சபையாரின் முன்னோரும் ஆறுகளில் அமிழ்த்திக் கொல்லப்பட்டனர். இது நீரா, நீர் போன்றதா, நனையாதவர் மூழ்கியவர் ஆவாரா என்று எவருக்கும் விளங்கவில்லை. பனிச்சுவர் உடைந்து ஏரி வடிந்தபின் முடிவு செய்வதென்று கலைந்தனர். சுவர் உடையவில்லை. கோதுமை நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்தே விளைந்தது. ஆண்டுதோறும் வந்த வாத்துகளின் பாதங்களை மட்டுமே ஊரார் அண்ணாந்து கண்டனர்.

ஒரு ஞாயிறன்று, முட்டைக்கோஸ் சூப்பு ஆவி பறக்கையில், யுஸ்டினா சின்ன மேசையைக் கொண்டுவந்து போட்டாள்.

"அப்பா, இது உங்களுக்கு."

"எனக்கு எதுக்கும்மா?"

"இந்தத் தண்ணி என்னை முழுக்கியிருந்தா உங்களையுந்தான் முழுக்கியிருக்கு. அப்ப உங்களுக்கும் ரெண்டாவது ஞானஸ்நானம் ஆச்சு. முழுக்கலன்னா சொல்லிடுங்க, நாளைக்கு நானே ஆத்துல போய் முங்குறேன். அப்புறம் இந்த மேசை எனக்கு. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

வாழ்நாளில் பொய் சொல்லாத கொர்னேலியுஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு விதையை எடுத்துக் கடித்து, தோலைத் துப்பினார். அது உத்தரத்தைத் தொட்டு, சன்னல் வழியே வெளியேறி, விசும்பின் புனலை நோக்கி ஏறிற்று. அதையே நெடுநேரம் பார்த்திருந்தவர், தம் தட்டை எடுத்துக்கொண்டு சின்ன மேசையில் போய் அமர்ந்தார்.

"குழந்தைங்க விஷயம் எனக்கு இன்னும் புரியல," என்றார். "அது கெடக்கட்டும். தனியா தின்னா எனக்கு இறங்காது. நீ வந்து உக்காரு. அந்தப் பயலையும் கூப்பிடு."

அறுவடைக்குப் பின் திருமண விருந்து நடந்தது. ஊரார் அனைவரும் சின்ன மேசைகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து உண்டனர். ரோகன்டாலில் வீட்டுக்கு வீடு பெரிய மேசை இன்றும் உண்டு. ஏரி தொடாதவர் எவரேனும் வந்தால் உண்பதற்காகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். உன்ராவ் வீட்டுப் பெரிய மேசையின் கீழே ஒரு கிழட்டு மீன் உறங்குகிறது. யுஸ்டினா அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறாள்.