நடிக்கிற தட்டு

"மீனுக்கு ஏதுப்பா விரல்?" என்று மகள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் 'ஃபிஷ் ஃபிங்கர்' என்கிற அந்தப் பண்டத்துக்கு 'மீன் குச்சி' என்று பெயர் வைத்தான் அவன். உறைய வைத்த மீன் குச்சிகளைப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று யோசிப்பதற்குத்தான் கம்பெனி அவனுக்கு நாற்காலி போட்டிருந்தது. 'முள்ளே இல்லை, பயமே இல்லை' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது அவன் எழுதியதுதான். அதனால் ஆபீசில் அவனுக்கு 'முள்ளில்லாதவர்' என்று பட்டப்பெயர். முதுகெலும்பு இல்லாதவர் என்ற அர்த்தத்தில் சொல்கிறார்களோ என்று உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு. யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்தத் தைரியம் வராததே சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

விளம்பரப் படம் எடுக்கிற அன்று, நடிக்க வந்த சிறுவன் மீன் வாசனை பட்டதுமே தொண்டை கிழிய அழுது, அம்மாவின் தோளிலேறி வீட்டுக்குப் போய்விட்டான். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவன் சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்தான்.

"எங்க வீட்டு வாண்டு இருக்கா சார். மீன் குச்சின்னா உயிரு. கேட்டுக் கேட்டு சாப்பிடுவா. ஸ்கூலு பக்கத்துலதான்."

கேட்டுக் கேட்டு என்பதில் கொஞ்சம் மிகை இருந்தது; தட்டு காலியாகும் என்பதில் மிகையே இல்லை. மாதிரிப் பெட்டியைப் பிரித்துப் பொரித்துக் கொடுத்துவிட்டு, அவன் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். "எப்படிம்மா இருந்துச்சு?" என்றால், "நல்லா இருந்துச்சுப்பா" என்று உடனே பதில் வரும்.

வாண்டு வந்தாள். இரண்டாம் வகுப்பு. மஞ்சள் கவுன், இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட். விளக்குகளைப் பார்த்து மிரண்டவளைத் தேற்ற அவன் தன் புகழ்பெற்ற ஜோக்கைச் சொன்னான்.

"மீனுக்கு ஏன் குடை வேணாம்?"

"ஏம்ப்பா?"

"அதான் ஏற்கெனவே நனைஞ்சு கெடக்கே!"

வாண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான் சிரிப்பாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அதுவும் வழக்கம்தான்.

மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. சாப்பாட்டுக்கு ஒப்பனை செய்கிற பெண்ணை எல்லாரும் மேக்கப் அக்கா என்பார்கள். அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள்: "இது நடிக்கிற தட்டு, அது சாப்பிடுற தட்டு. மாத்திடாதீங்க." சாப்பிடுகிற தட்டில் இருந்தவை பாவம், நிஜமான மீன் குச்சிகள்: ஆறிப்போய், கொஞ்சம் வளைந்து, வேலை தேடிக் களைத்தவர்களைப் போல் கிடந்தன. நடிக்கிற தட்டில் இருந்தவையோ பளபளவென்று, பொன்னிறமாக, நெஞ்சை நிமிர்த்தி நின்றன.

விளக்கு போட்டார்கள். வாண்டுவின் முகத்தை மட்டும் கேமரா நெருங்கியது. "சாப்பிடும்மா" என்றார் டைரக்டர். அவன் குனிந்து, தன் மகளுக்கு ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்தான். நல்லதாகப் பார்த்து எடுத்தான். பெற்ற மகளுக்குக் கொடுக்கும்போது யார் வளைந்ததை எடுப்பார்கள்?

வாண்டு கடித்தாள். மென்றாள். கண்ணை மூடி ரசித்தாள். "கட்" என்று கத்திய டைரக்டர் கைதட்டினார். வாண்டுவின் கை காலியாக இருந்தது.

மேக்கப் அக்கா தன் தட்டை எடுத்து வைக்க வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"இதுல ஒண்ண யாரு எடுத்தது?"

"நான்தான். ஏன்க்கா?"

"எங்க அது?"

"வாண்டு சாப்பிட்டுட்டா."

அவள் முகம் வெளிறியதை அவன் கண்ணால் பார்த்தான். "சார், அதுக்குள்ள ஊசி இருக்கு சார். நீளக் குண்டூசி. விளக்குச் சூட்டுல வளையாம இருக்கணும்னு குத்தி வெச்சேன். காலைல சொன்னேனே சார்!"

சொன்னாள். அவனும் தலையாட்டினான். ஊரையே ஏமாற்றச் செய்துவைத்த பளபளப்பில் முதலில் ஏமாந்தவன், அதைச் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவன்.

வாண்டுவின் முன்னால் மண்டியிட்டான்.

"கண்ணு, அப்பா குடுத்தத முழுசா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா. நல்லா இருந்துச்சுப்பா."

"ஏதாச்சும் குத்துச்சா?"

வாண்டு டைரக்டரைப் பார்த்தாள், மேக்கப் அக்காவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"லேசா."

"எங்கம்மா?"

அவள் கை தொண்டைக்குப் போகவில்லை. இடுப்புக்கு மேலே, வயிற்றின் ஓரத்தைத் தொட்டுக் காட்டியது. அதற்குள் அவ்வளவு கீழே போய்விட்டதா? அவனுக்குக் கண் இருட்டியது.

டாக்சியில் அவளை மடியில் வைத்துக்கொண்டான். அசையவே விடவில்லை. வண்டி ஒவ்வொரு மேட்டில் ஏறி இறங்கும்போதும் அவனுக்குள் ஏதோ கிழிந்தது. மனைவிக்குப் போன் செய்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. "ஊசி" என்ற வார்த்தையையும் "நான்தான்" என்ற வார்த்தையையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். "எந்த ஆஸ்பத்திரி? அத மட்டும் சொல்லுங்க" என்று அவள் அதட்டினாள்.

பெட்டியில் எழுதிய வாசகம் மண்டைக்குள் பம்பரமாகச் சுற்றியது. முள்ளே இல்லை. பயமே இல்லை. ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தான். பழக்கதோஷம், "மீனுக்கு ஏன்..." என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"ஏம்ப்பா?" என்றாள் வாண்டு, சிரிப்பதற்குத் தயாராக.

அவசரப் பிரிவு டாக்டரம்மா அவள் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தாள். வயிற்றை அழுத்தினாள். "வலிக்குதா?" இல்லையென்று தலையாட்டினாள் வாண்டு. "எதுக்கும் படம் எடுத்துப் பாத்துடலாம்." எக்ஸ்ரே அறைக்காரர் அவசரத்தில் இருந்தார். "செயின், வளையல் ஏதாச்சும் போட்டிருக்காளா? இல்லல்ல? அப்படியே படுக்க வைங்க." கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு வெளியே நின்றவன், வாழ்க்கையில் முதல் தடவையாக எந்த வாசகமும் தோன்றாமல் நின்றான்.

திரையில் படம் வந்தது. சின்ன விலா எலும்புகள், சீப்புப் பற்களைப் போல். முதுகெலும்பு. அதற்குக் கீழே, ஓரமாக, ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின் தலையில் ஒரு பொட்டு.

சுவரைப் பிடித்துக்கொண்டான். அறுப்பார்கள். அந்தச் சின்ன வயிற்றை அறுப்பார்கள். இனி ஜென்மத்துக்கும் யாருக்கும் எதையும் விற்கமாட்டேன் என்று தனக்கு நம்பிக்கையில்லாத கடவுளிடமெல்லாம் சத்தியம் செய்தான்.

டாக்டரம்மா திரைக்கருகே மூக்கைக் கொண்டுபோனாள். அப்புறம் திரும்பி, கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்தாள்.

"பாப்பா, உன் பாக்கெட்டுல என்ன வெச்சிருக்க?"

வாண்டு அசையவில்லை.

"கவுன் பாக்கெட்டுலம்மா. காட்டு பாப்போம்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. கையை விட்டு எடுத்தாள். நசுங்கி, மாவு உதிர்ந்து, நுனியில் ஒரே ஒரு கடி பட்ட மீன் குச்சி. அதன் விலாவைக் கிழித்துக்கொண்டு குண்டூசி எட்டிப் பார்த்தது.

"உள்ள இல்ல சார், வெளிய இருக்கு. வயித்துல ஒண்ணுமில்ல" என்றாள் டாக்டரம்மா.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரித் தரை என்றும் பார்க்கவில்லை.

"சாப்பிட்டேன்னு சொன்னியேம்மா!"

"எனக்கு மீனு புடிக்காதுப்பா." வாண்டு விக்கினாள். "சொன்னா நீ அழுவ."

மனைவி அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பிள்ளையை வாரியெடுத்து, தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டபின் அவன் பக்கம் திரும்பினாள். அவள் ஆச்சரியப்படவில்லை என்பதை அவன் கவனித்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏங்க, இந்த வீட்டுல துணி துவைக்கிறது யாரு? அவளோட எந்தக் கவுன எடுத்தாலும் பாக்கெட்டுல ஒரு மீன் நீந்துது."

"ஏன் சொல்லல?"

"என் பொண்ணே விரும்பிச் சாப்பிடுறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?" திட்டத் தொடங்கியவளின் குரல் பாதியில் உடைந்தது. "இனிமே சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். போதுமா?"

டைரக்டர் செய்தி அனுப்பியிருந்தார்: குழந்தை எப்படி இருக்கிறாள் என்று முதலில்; அவள் மெல்லுகிற காட்சி அற்புதம், இப்படி ரசித்துச் சாப்பிட்ட பிள்ளையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அடுத்து. 'குழந்தை நலம். அந்தக் காட்சி வேண்டாம் சார்' என்று பதில் அனுப்பினான். நாளைக்கு ஆபீசில் இதற்கு என்ன காரணம் சொல்வது என்ற நடுக்கம் வந்தது. வரட்டும். இன்றைக்குப் பட்டதற்கு முன்னால் அது கொசுக்கடி.

மூவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். வாண்டுவின் ஒரு கை அவன் கையில். இன்னொரு கை பாக்கெட்டுக்குள் போகும்போதெல்லாம் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொரித்த மீனை ஒளித்தாள், சரி. பள்ளியில் யாராவது அடித்தால்? காய்ச்சல் வந்தால்? அப்பா அழுவான் என்று அதையும் ஏதாவது ஒரு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நல்லா இருந்துச்சுப்பா என்பாளா?

"கண்ணு, அப்பாவுக்காக வேற எதையாச்சும் புடிச்ச மாதிரி நடிக்கிறியா?"

வாண்டு யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"அந்தக் குடை ஜோக்கு."

மனைவி சட்டென்று ஒரு கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவனுக்கும் சிரிப்பு பீறிட்டது, கண்ணீரும் கூடவே. அவன் சிரிப்பதைப் பார்த்து வாண்டுவும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. நடைபாதையிலேயே குனிந்து, சற்று முன் அந்தத் திரையைப் பார்த்ததுபோல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இப்ப நெஜமா சிரிக்கிறியா?"

"நெஜமாப்பா" என்றாள் வாண்டு, உடனே.

அவள் உடனே சொன்னதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.