எல்லாம் வல்லவர்களின் கடைசி அத்தியாயம்

"அப்போ அப்பா என்ன பந்தா? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் மாத்தி மாத்தி எறியறதுக்கு?"

"நான் அப்படிச் சொல்லலைக்கா. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னுதான் சொன்னேன்."

"ஆமா, அவகிட்ட கேட்டுத்தான் நீ மூச்சே விடுவ."

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கூரைமேல் மெக்கானிக் டார்ச்சோடு குந்தியிருந்தார். கூரையில் கால் வைத்ததும் முதல் வேலை, "மேல ஆள் இருக்கேன், பயப்படாதீங்க" என்று குரல் கொடுப்பது. இத்தனை வருஷத்தில் அதை அவர் மறந்ததே இல்லை. இன்று மறந்துவிட்டார்.

அவர் தலைக்குள் வேறு ஆட்கள் குடியேறியிருந்தார்கள். ஒரு சின்ன இணைய இதழில் அவர் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். அதில் வரும் வேற்றுக்கிரகத்தார் சூரியனையே விளக்குபோல அணைக்கிறவர்கள். கடைசி அத்தியாயத்தில் அவர்கள் பூமிக்கு வந்து வாய் திறக்க வேண்டும். அங்கேதான் வண்டி படுத்துவிட்டது. பேச வைத்தால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாதிரி பேசினார்கள். பேசாமல் விட்டால் கல் மாதிரி நின்றார்கள். சரி, எதையாவது கேட்டு வரட்டும் என்று தண்ணீர் கேட்க வைத்தார். காலையில் அதைப் படித்த மனைவி, "சூரியனையே அணைக்கிறவனுக்குத் தண்ணி பண்ணத் தெரியாதாக்கும்? குடத்தைத் தூக்கிட்டு நம்ம வாசலுக்குத்தான் வருவானா?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

நாளைக் காலைக்குள் அத்தியாயம் வராவிட்டால் தொடரை அப்படியே நிறுத்துவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். இதற்கு முன் எழுதிய இரண்டும் பாதியில் நின்றவை. வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே 'பாதிக்கதை'.

கீழே சண்டை சூடு பிடித்தது. கூரைமேல் இருந்த, லிஃப்டை இறக்கும் பொத்தானில் அவர் கட்டைவிரல் தயாராக இருந்தது. அமுக்கவில்லை. அக்காவின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது.

"அப்பா என்னை அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுறார்டா. நானும் 'என்னங்க'ன்னு கேட்டுட்டுப் போறேன்."

லிஃப்டை இறக்க மெக்கானிக்கால் முடியும். உள்ளே இறங்கிப்போன அந்தக் குரலை என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று மட்டும் இருந்தது.

அப்புறம் கதவில் தடதடவென்று அடி விழுந்தது. யாராவது இருக்கீங்களா, அக்காவுக்கு மூச்சு வாங்குது என்று தம்பி கத்தினான். மெக்கானிக் பொத்தானை அமுக்கி, லிஃப்டைத் தளத்துக்கு இறக்கி, மேல்மாடி வழியாக வெளியேறி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "மேலதான் இருந்தீங்களா? நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

"இல்லம்மா. மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

நின்றுபோன லிஃப்டில் மோட்டார் சத்தம் ஏது? அது அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எழுதினார். வேற்றுக்கிரகத்தார் பூமியில் இறங்குகிறார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்கிறாள், இவ்வளவு காலம் நாங்க கத்தினதெல்லாம் கேட்டுச்சா என்று. சூரியனை அணைப்பவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். இல்லை என்கிறார்கள்.

மனைவி நின்றபடியே படித்தாள். ஏன் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"கேட்டுச்சுன்னு சொன்னா, அப்புறம் ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பாங்கல்ல" என்றார்.

இந்தத் தடவை அவள் கிண்டல் செய்யவில்லை. "பொய்யோட முடிச்சா இதுவும் பாதிக்கதைதான்" என்றாள்.

இப்போது அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். அத்தியாயம் கைபேசியில் தயார். கட்டைவிரல் மறுபடியும் ஒரு பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது.

படித்த நீங்களே சொல்லுங்கள். 'இல்லை' என்பதோடு முடிக்கலாமா, 'கேட்டது' என்று ஒப்புக்கொள்ள வைக்கலாமா? ஒப்புக்கொண்டால் அடுத்த வரி என்ன? தோன்றுவதைக் கீழே எழுதுங்கள். காலைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.