வரைபடத்தில் இல்லாத கால்வாய்

ஹெர்மெலிந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நில அளவை அலுவலகத்துப் பெஞ்சில் உட்காருவாள், எழுவாள், வாசல்வரை போய்த் திரும்புவாள். தங்கள் பள்ளத்தாக்குக் கால்வாய் பழையது என்று இன்றைக்குள் காட்டாவிட்டால், தண்ணீரெல்லாம் மேட்டுப் பூப்பண்ணைக் கம்பெனிக்குப் போய்விடும். அவளுடைய மக்காச்சோளத்துக்கோ பால் பிடிக்கிற பருவம்.

"உக்காருங்க அண்ணி, தரை தேஞ்சிடப் போவுது" என்றான் கொழுந்தன் சத்துர்னினோ.

"உனக்கென்ன, காய்றது என் வயலு!"

குமாஸ்தா 1943-ஆம் வருடத்து வரைபடத்தை விரித்தார். மலைகளின் உயரக் கோடுகள் இருந்தன, தேவாலயம் இருந்தது, கழுதைப் பாதைகூட இருந்தது. கால்வாய் மட்டும் இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். வரி போடத்தான் அளக்க வருகிறார்கள் என்று பயந்து, அவளுடைய அப்பா ஃபெலிசியானோ மதகை அடைத்து, கால்வாயைச் சோளத்தட்டை போட்டு மூடினார். வருடாவருடம் தூர்வாரும் நாளில் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லி ஊர் கள் குடிக்கும். அவளும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். பாழாய்ப்போன சிரிப்பு!

அவள் வரைபடத்தின்மேல் குனிந்தாள்.

"இந்தக் குட்டி வட்டமெல்லாம் என்ன சார்?"

"பழமரம்."

"எங்கப்பாவோட பீச் தோப்பு! எங்க ஊர்ல மழையே மூணு மாசந்தான். மீதி ஒம்போது மாசம் இதுங்க எதக் குடிச்சுதாம்?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்விதாம்மா. ஆனா இதப் பாருங்க." அளந்தவர்களின் பழைய குறிப்பேட்டைத் திருப்பினார். வழிகாட்டி ஃபெலிசியானோ, இங்கே தண்ணீர் கிடையாது என்று மாதா மேல் சத்தியம் செய்தார் என்று அதில் இருந்தது. "அது பொய்ச் சத்தியம்னு மக எழுதிக் குடுத்தா, தோப்பச் சாட்சியா எடுத்துக்கலாம். ஊர்ல எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க."

இது ஊருக்குத் தெரியாத சங்கதி. அவளுக்கே தெரியாது.

"வேணாம் அண்ணி," சத்துர்னினோ பதறினான். "வரிக்கு ஒளிச்சது வேற. மாதா மேல பொய்யின்னா, பெரியவர் கல்லறைப் பக்கம் ஒருத்தன் போவமாட்டான்."

அவளுக்கு அப்பா மேல் ஆத்திரமும் வந்தது, பாசமும் வந்தது.

"அவருக்கு இனிமே தாகம் எடுக்காதுடா" என்று பேனாவை வாங்கினாள்.

எழுதினாள்: 'என் அப்பா பொய்ச் சத்தியம் செய்தார். தண்ணீர் இருந்தது.'